விழா மைதானத்துக்கு தேசபக்தி ஆர்கெஸ்ட்ரா இசை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக ஒரு கல்லூரி விளையாட்டு விழாவுக்கு இசை எழுதிக் கொடுத்தபோது, சிறப்பு விருந்தினர் வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வருவதற்கென்று இரண்டரை நிமிடத்துக்கு ஒரு உருப்படி தயார் செய்தேன். மெல்லத் தொடங்கும், ஒவ்வொரு வாத்தியமாகச் சேரும், கடைசி 20 நொடியில் சிம்பலும் டிரம்பெட்டும் சேர்ந்து வெடிக்கும். அவரோ காரை விட்டு இறங்கி 40 நொடியில் மேடையேறி உட்கார்ந்துவிட்டார். மீதி நேரம் முழுக்க கூட்டம் உட்காரலாமா நிற்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, என்னுடைய அந்த உச்சக்கட்டம் வந்தபோது விருந்தினர் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் புத்தி வந்தது. விழா இசைக்கு முதல் எசமான் கடிகாரம், அடுத்தது இடம், மெட்டு மூன்றாவதுதான். கீழே வருவதெல்லாம் இந்த வரிசையிலேயே போகும். ஓரளவு கீபோர்டு தெரிந்து, கணினியில் இசை கோர்த்துப் பழகி, "ஆகஸ்ட் 15-க்கு நம்ம பேண்டுக்கு புதுசா ஒண்ணு போட்டுக் கொடு" என்று யாராவது கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: மைதானத்துக்குப் போய் அளந்து பாருங்கள்

கீபோர்டைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். அணிவகுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர், வரிசையின் நீளம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ராணுவ நடை நிமிடத்துக்கு 120 அடி, ஒரு அடி ஏறக்குறைய 75 சென்டிமீட்டர், ஆக நிமிடத்துக்கு 90 மீட்டர். மரியாதை மேடைக்கு முன்னால் 100 மீட்டர் நடக்க வேண்டும், வரிசை 60 மீட்டர் நீளம் என்றால், கடைசி ஆள் கடந்து போகும்வரை 160 மீட்டருக்கான இசை தேவை, அதாவது ஒரு நிமிடம் 47 நொடி. நாலு தட்டு கொண்ட ஒரு பார் இந்த வேகத்தில் 2 நொடி, ஆக 54 பார் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இந்த வேகத்தில் நடக்க மாட்டார்கள், 110 வைத்துக் கணக்குப் போட்டால் பாதுகாப்பு.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் விழா அதன்படி நடக்காது. யாரோ ஒருவர் ஷூ லேஸ் கட்டக் குனிவார், கொடி கம்பத்தில் சிக்கும். அதனால் எட்டு எட்டு பாராக, எந்த இடத்தில் நிறுத்தினாலும் முடிந்த மாதிரியே இருக்கும்படி எழுதுங்கள். ஒவ்வொரு எட்டாவது பாரின் கடைசியிலும் மெட்டு ஆதார சுரமான ஸட்ஜத்துக்கு வந்து உட்காரட்டும். நிறுத்தும் சைகையாக பேஸ் டிரம்மில் அடுத்தடுத்து இரண்டு அடி என்று பேண்டோடு பேசி வைத்துக்கொண்டால், நடத்துபவரைப் பார்க்காமலே எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள்.

அடுத்தது ஒலியின் வேகம். நொடிக்கு 340 மீட்டர் என்று பள்ளியில் படித்திருப்போம். 120 வேகத்தில் ஒரு தட்டு அரை நொடி, அதற்குள் ஒலி 170 மீட்டர்தான் போகும். 400 மீட்டர் ஓடுபாதையின் ஒரு வளைவிலிருந்து எதிர் வளைவுக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். பேண்ட் ஒரு முனையில் நின்று வாசித்தால், மறுமுனையில் நடப்பவர்களுக்கு ஒரு முழுத் தட்டு தாமதமாகக் கேட்கும், இடது காலுக்கு வர வேண்டிய அடி வலது காலுக்கு வரும். அணிவகுப்பின் வாலில் இருப்பவர்கள் கால் மாற்றி மாற்றித் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள், அது அவர்கள் தப்பு இல்லை. பேண்டை நடுவில், மேடைக்கு எதிரே நிறுத்தச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம், பக்கத்து பெட்டியின் சத்தமும் தூரத்துப் பெட்டியின் சத்தமும் வெவ்வேறு நேரத்தில் காதுக்கு வரும்.

படி 2: யார் வாசிக்கப் போகிறார்கள்?

1749-ல் லண்டனில் கிரீன் பார்க் பூங்காவில் வாணவேடிக்கை. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் முடிந்ததைக் கொண்டாட இசையமைப்பாளர் ஹாண்டெலிடம் இசை கேட்டார்கள். மன்னர் இரண்டாம் ஜார்ஜ் போர்க்கள வாத்தியங்கள் மட்டும் போதும், வயலின் வேண்டாம் என்றார். ஹாண்டெலுக்கு வயலின் வேண்டும். இழுபறி நடந்து, கடைசியில் 24 ஓபோ, 12 பசூன், 9 டிரம்பெட், 9 ஹார்ன், மூன்று ஜோடி டிம்பானி (கிண்ண வடிவப் பெரிய டிரம்) என்று ஒரு படையே தயாரானது. வேடிக்கை நடந்த அன்று மேடையின் ஒரு பகுதி தீப்பிடித்து எரிந்தது தனிக்கதை. அப்புறம் உள்ளரங்கில் வாசித்தபோது ஹாண்டெல் வயலின்களைச் சேர்த்துக்கொண்டார்.

மன்னருக்கு இசை தெரிந்ததோ இல்லையோ, திறந்த வெளியைப் பற்றி அவர் சொன்னது சரி. இருபது வயலின் சேர்ந்து வாசித்தாலும் மைக் இல்லாமல் மைதானத்தின் அந்தப் பக்கம் கேட்காது, இரண்டு டிரம்பெட் கேட்கும். அதனால் உங்களிடம் இருக்கும் ஆட்களை எண்ணுங்கள். வழக்கமாக ஒரு பள்ளி அல்லது போலீஸ் பேண்டில் டிரம்பெட், கிளாரினெட், ஆல்டோ சாக்ஸபோன், ட்ராம்போன், யூஃபோனியம், பேஸ், சைட் டிரம், பேஸ் டிரம், சிம்பல் என்று இருக்கும். வயலின்காரர்கள் இருந்தால் அவர்களை நிழலில் உட்கார வைத்து, மைக் கொடுத்து, அமைதியான இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள். வெயிலில் கம்பி இளகி சுருதி இறங்கும், ஊதும் வாத்தியங்களுக்கோ சூட்டில் சுருதி ஏறும், இரண்டையும் அரைமணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு ஒன்றாக வாசிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் பத்து நொடி, அதாவது ஃபேன்ஃபேர்

கூட்டம் பேசிக்கொண்டிருக்கும், கடலை கொறித்துக்கொண்டிருக்கும். அவர்களைத் திரும்பிப் பார்க்க வைப்பதுதான் ஃபேன்ஃபேரின் வேலை.

இதை எழுதக் கற்றுக்கொள்ள அமெரிக்க இசையமைப்பாளர் ஆரோன் காப்லண்டின் "சாமானிய மனிதனுக்கான ஃபேன்ஃபேர்" போதும். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942-ல், சின்சினாட்டி ஆர்கெஸ்ட்ராவை நடத்திய யூஜின் கூசன்ஸ் ஒவ்வொரு கச்சேரியையும் ஒரு புது ஃபேன்ஃபேரோடு தொடங்கலாம் என்று பல இசையமைப்பாளர்களைக் கேட்டார். வந்தது மொத்தம் 18, இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படுவது இது ஒன்றுதான். படைத்தளபதிக்கோ கொடிக்கோ எழுதாமல் சாமானிய மனிதனுக்கு என்று பெயர் வைத்தது ஒரு காரணம், ஆனால் கைவேலையையும் கவனியுங்கள். முதலில் பேஸ் டிரம், டிம்பானி, பெரிய காங் மூன்றும் சேர்ந்து அடிக்கும். அப்புறம் இடைவெளி. அப்புறம்தான் டிரம்பெட்டுகள், அதுவும் எல்லோரும் ஒரே சுரத்தில். ஸ-ம, ஸ-ப தூரத் தாவல்கள், நிமிடத்துக்கு 52 தட்டு என்ற நிதானம். வேகமான சின்னச் சின்ன சுரங்களை அரங்கத்தின் எதிரொலி மென்று துப்பிவிடும், நீண்ட சுரமும் நடுவில் மௌனமும் இருந்தால் எதிரொலியே உங்களுக்குப் பக்கவாத்தியம் ஆகிவிடும்.

தாவல் ஏன் இப்படி இருக்கிறது என்றால், பழைய டிரம்பெட்டிலும் பியூகிள் என்ற ராணுவ ஊதுகுழலிலும் வால்வு கிடையாது. உதட்டை இறுக்கித் தளர்த்தி இயற்கையாக வரும் சுரங்கள்தான்: ஸ, ப, மேல் ஸ, மேல் க, மேல் ப. தலைமுறை தலைமுறையாகப் படைகளை எழுப்பியதும் தூங்க வைத்ததும் இந்த ஐந்து சுரங்கள்தான் என்பதால், அவற்றைக் கேட்டாலே முதுகு நிமிர்கிறது. இந்த ஐந்தைத் தாண்டாமல் நாலு வரி எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் நாலு தட்டு, ஒவ்வொரு எழுத்தும் அரைத் தட்டு, கமா என்றால் நீட்டல், மேற்குறி போட்டது மேல் ஸ்தாயி:

ப , ப ப ஸ' , , ,
ப , ப ப க' , , ,
க' க' ஸ' ஸ' ப ப ஸ' க'
ப' , , , , , , ,

96 வேகத்தில் சரியாகப் பத்து நொடி. முதல் வரி ஒரே ஒரு டிரம்பெட், இரண்டாவதில் எல்லா டிரம்பெட்டும், மூன்றாவதில் ட்ராம்போன் ஒரு ஸ்தாயி கீழே சேரட்டும், கடைசி நீண்ட சுரத்தில் மட்டும் முழு கார்டும் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) டிரம் உருட்டலும். முதல் வரியிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டால் அப்புறம் ஏற இடம் இருக்காது.

ஜான் வில்லியம்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸுக்கு எழுதியதைக் கேட்டுப் பாருங்கள், பித்தளை வாத்தியங்கள் அழைப்பு விடுத்த பிறகுதான் பாடும் மெட்டு வரும், அழைப்பு வேறு மெட்டு வேறு. பலர் ஒலிம்பிக் இசை என்றதும் முணுமுணுக்கும் அந்த டிம்பானி அடியோடு தொடங்கும் துண்டு உண்மையில் அவருடையது இல்லை, பிரான்ஸில் பிறந்த லியோ அர்னோ 1958-ல் எழுதியது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒலிம்பிக் ஒளிபரப்புக்குப் பயன்படுத்திப் பிரபலமாக்க, பின்னாளில் இரண்டையும் ஒட்டியே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

படி 4: நடக்க வைக்கும் மார்ச்

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ராணுவ பேண்ட் மாஸ்டர் ஒருவர். நான் பெருமையாக நீட்டிய தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு நீ நடந்து பாத்தியா?" என்றார். நடந்து பார்த்தேன். ஏழு அடி முடிந்ததும் கால் மாறியது, ஏழு தட்டு கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் எழுதியிருந்தேன். ஏழு என்பது ஒற்றைப்படை, முதல் ஆவர்த்தனத்தில், அதாவது தாளச் சுற்றில், சமம் என்ற முதல் தட்டுக்கு இடது கால் விழுந்தால் அடுத்ததில் வலது கால் விழும். மனிதனுக்கு இரண்டு கால் இருக்கும்வரை மார்ச்சுக்கு இரட்டைப்படைதான். குத்துப்பாட்டின் ஆறெட்டு தாளம் தாராளமாக வரலாம், ஜான் ஃபிலிப் சூசாவின் புகழ்பெற்ற "வாஷிங்டன் போஸ்ட்" மார்ச்சே ஆறெட்டில்தான் இருக்கிறது. முதல் தட்டு, பேஸ் டிரம், இடது கால், இந்த மூன்றும் ஒன்றாக விழ வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அமைப்பு பழகியதுதான்: நாலு பார் முன்னோட்டம், 16 பார் முதல் பகுதி இரண்டு முறை, 16 பார் இரண்டாம் பகுதி இரண்டு முறை, அப்புறம் ட்ரையோ என்கிற பாடும் மெட்டுப் பகுதி. ராகம் என்று கேட்டால் சங்கராபரணம்தான் வசதி. முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேய பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார், நோட்டுஸ்வர சாகித்தியம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். "சந்ததம் பாஹிமாம்" இங்கிலாந்து மன்னர் வாழ்த்தின் மெட்டு. மதுரை மணி ஐயர் கச்சேரியில் ஜனங்கள் கேட்டுக் கேட்டுப் பாட வைத்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டும் அதே ராகம். ஆக பேண்ட் மெட்டு நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. மோகனம், ஹம்சத்வனி இரண்டும் நன்றாக வரும். கமகம் (சுரத்தை அசைத்து இசைப்பது) இல்லாமல் உயிரிழக்கும் ராகங்களைத் தொடாதீர்கள், தோடியை டிரம்பெட் வரிசையிடம் கொடுத்து நான் பட்ட பாடு போதும்.

படி 5: கூட்டம் முணுமுணுக்க ஒரு மெட்டு

ட்ரையோவில்தான் தேசபக்தி இருக்கிறது. முதல் இரண்டு பகுதியும் கால்களுக்கு, இது தொண்டைக்கு.

எட்வர்ட் எல்கரின் "பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்" முதல் மார்ச், 1901. பரபரவென்று போய்க்கொண்டிருக்கும் மார்ச் திடீரென்று நிதானிக்க, ஒரு மெட்டு தாழ்ந்த குரலில் வரும்: ஸ நி ஸ ரி, அப்புறம் கீழே இறங்கி த ப. அடுத்த அடியில் அதே வடிவம் இன்னும் கீழே. வித்தை எதுவும் இல்லை, பக்கத்துப் பக்கத்து சுரம், ஒரு இறக்கம். ஆனால் முதல்முறை அமைதியாக வந்து, மறுமுறை மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வரும்போது உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கை பரபரக்கும். ட்ரையோ முதலில் ஜி மேஜரில் வரும், முடிவில் மார்ச்சின் சொந்த சுருதியான டி மேஜரில் திரும்பி வரும், அந்தச் சுருதி மாற்றமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அடுத்த வருடமே ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக அதற்கு வரிகள் சேர்ந்தன. 1905-ல் யேல் பல்கலைக்கழகம் எல்கருக்குப் பட்டம் கொடுத்தபோது அதை வாசித்தார்கள், அதிலிருந்து அமெரிக்காவில் பட்டமளிப்பு என்றாலே இந்த மெட்டுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: எட்டு பார் மெட்டு, ஒரு ஸ்தாயிக்குள் அடங்கட்டும், இசை தெரியாத ஒருவரிடம் இரண்டு முறை பாடிக் காட்டுங்கள். மூன்றாவது முறை அவர் கூடவே முணுமுணுக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதுங்கள். இது கொஞ்சம் வலிக்கும்.

தேசிய கீதத்தின் மெட்டை உள்ளே ஒட்டவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், வேண்டாம். நாலு சுரம் காதில் விழுந்ததும் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்ப்பார்கள், அதற்குள் உங்கள் இசை வேறெங்கோ போயிருக்கும். சைகோவ்ஸ்கி "1812"-ல் ஜாரின் கீதத்தையும் பிரெஞ்சு கீதத்தையும் மோதவிட்டு பீரங்கியும் வைத்தார். அவருக்கே அதன்மேல் பெரிய பிரியம் இல்லை, சத்தம் அதிகம், மனம் ஒட்டாமல் எழுதியது என்கிற மாதிரிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சத்தத்தை வைத்து தேசபக்தியை அளந்தால் இந்தக் கதிதான்.

படி 6: யாருக்கு என்ன

மெட்டு டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் சேர்த்து. யூஃபோனியத்துக்கு எதிர்மெட்டு கொடுங்கள், பேண்டில் அதிகம் வஞ்சிக்கப்படும் நல்ல குரல் அதுதான். பேஸ் வாத்தியங்கள் முதல் தட்டில், ஹார்னும் சாக்ஸபோனும் இடைத் தட்டில். கீழ் ஸ்தாயியில் நெருக்கமான கார்டு வைத்தால் வெளியில் வெறும் முனகலாகத்தான் கேட்கும், கீழே அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் வையுங்கள். டிரம்பெட்காரர்களுக்கு 16 பாருக்கு ஒருமுறையாவது நாலு பார் ஓய்வு வேண்டும். கணினியில் இருக்கும் டிரம்பெட்டுக்கு உதடு கிடையாது, பத்தாம் வகுப்புப் பையனுக்கு உண்டு, கடைசி உச்சசுரத்தில் அது தெரியும்.

படி 7: தாள்

பி ஃபிளாட் டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் ஒரு முழு சுரம் ஏற்றி எழுத வேண்டும், அதாவது பியானோவில் பி ஃபிளாட் என்றால் அவர்கள் தாளில் சி. ஆல்டோ சாக்ஸபோன் இ ஃபிளாட், ஹார்ன் எஃப். மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளே இதையெல்லாம் மாற்றித் தந்துவிடும், ஆனாலும் ஒவ்வொரு தாளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். மொத்த இசையையும் பி ஃபிளாட் அல்லது இ ஃபிளாட் மேஜரில் வைத்தால் எல்லோருக்கும் விரல் சுலபம். கீபோர்டில் ஈஸியாக இருக்கிறதென்று சி மேஜரில் எழுதினால், ஆல்டோ சாக்ஸபோன்காரர் மூன்று ஷார்ப்போடு உங்களை முறைப்பார்.

நேரம் இல்லை என்று புலம்புபவர்களுக்கு சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் கதை உண்டு. 1954-ல் அக்டோபர் புரட்சி ஆண்டு விழாவுக்கு, மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கத்தில் வாசிக்க ஏற்ற புதிய இசை எதுவும் கையில் இல்லையென்று கடைசி நேரத்தில் அவரிடம் ஓடி வந்தார்கள். அவர் உட்கார்ந்து எழுத எழுத, மை காய்வதற்குள் ஆட்கள் பக்கம் பக்கமாகப் பிரதி எடுக்கக் கொண்டுபோனார்களாம், மூன்றே நாளில் "பண்டிகை முன்னிசை" தயார். அதன் தொடக்க ஃபேன்ஃபேர் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸிலும் ஒலித்தது. அவர் ஷோஸ்டகோவிச், நாம் மூன்று வாரம் கேட்டு வாங்குவோம்.

படி 8: தேசிய கீதத்தோடு கோர்ப்பது

உங்கள் இசை முடிந்ததும் பெரும்பாலும் கீதம் வரும். "ஜன கண மன" முழுவதும் ஏறக்குறைய 52 நொடி. பேண்ட் வாசிப்பதென்றால், அதற்கு முன் டிரம் உருட்டல் வேண்டும் என்று உள்துறை அமைச்சகத்தின் ஆணையிலேயே இருக்கிறது: மெதுநடையில் ஏழு அடி நேரம், மெல்லத் தொடங்கி, முடிந்தவரை உரக்க ஏறி, மறுபடி மெல்ல இறங்கி, ஏழாவது அடிவரை காதில் விழ வேண்டும். அப்புறம் ஒரு தட்டு மௌனம், அப்புறம் கீதம். ஃபேன்ஃபேர் போன்ற வேறு அறிவிப்பு முன்னால் இருந்தால் உருட்டல் தேவையில்லை. அந்த ஒரு தட்டு மௌனத்துக்கு ஈடாக எதையும் நம்மால் எழுத முடியாது என்பது என் கட்சி. உங்கள் மார்ச்சை கீதத்துக்கு முன்னால் குறைந்தது பத்து நொடி இடைவெளி விட்டு முடியுங்கள்.

படி 9: ஒத்திகை

அறைக்குள் இரண்டு ஒத்திகை, மைதானத்தில் ஒன்று. மைதான ஒத்திகையை விழா நடக்கும் அதே மணிக்கு வையுங்கள், காலை ஏழரை மணி வெயிலும் காற்றும் சாயங்காலம் மாதிரி இருக்காது. நீங்கள் பேண்ட் பக்கத்தில் நிற்காதீர்கள். கடைசி வரிசை இருக்கைக்குப் போய் உட்கார்ந்து, அங்கே என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் பிக்கோலோ என்ற சின்னக் குழலும் சைட் டிரம்மும் தேவைக்கு மேல் கேட்கும், நீங்கள் நாலு நாள் உட்கார்ந்து செதுக்கிய கார்டு மாற்றங்கள் கேட்கவே கேட்காது. கேட்காததை அடித்துவிடுங்கள். யாரையாவது நடக்கச் சொல்லி வீடியோ எடுங்கள், கால்களை மட்டும்.

கடைசியாக, ஆளுக்கு நாலு என்ற கணக்கில் துணி காயப்போடும் கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடியை ஏற்றும்போது கொடி அழகாகப் பறக்கிறதே என்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அதே காற்றுதான் இரண்டாவது ட்ராம்போன்காரரின் தாளையும் கொண்டுபோகும்.